ஒரு புள்ளிக்காக ஒரு மடல்

கார் பந்தய விதிகளை வகுக்கும் சர்வதேச அமைப்பான எஃப்ஐஏ-வின் விதிக்குழுவினருக்கு,

வணக்கம். ஃபார்முலா 1 பந்தயத்தில் அதிவேகச் சுற்றை, அதாவது மிகக் குறைந்த நேரத்தில் முடித்த சுற்றை, ஓட்டியவருக்கு 2019-இல் திரும்பக் கொடுத்த ஒரு புள்ளியை, 2025 முதல் மறுபடி எடுத்துவிட்டீர்கள். அந்த விதியில் கோளாறு இருந்தது உண்மைதான். அதற்காக, மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டையே கொளுத்தியிருக்க வேண்டாம்.

சிங்கப்பூர் 2024-ஐ எடுத்துக்கொள்வோம். மெக்லாரன் அணியின் நோரிஸ் யாரும் எட்டாத தூரத்தில் முன்னால் போய்க்கொண்டிருந்தார். அதிவேகச் சுற்றும் அவர் கையில். உலகப் பட்டத்துக்காக அவர் துரத்தியது ரெட் புல் அணியின் வெர்ஸ்டாப்பனை. கடைசி நேரத்தில், ரெட் புல்லின் சகோதர அணியான ஆர்பி, கடைசி வரிசையில் கிடந்த ரிக்கார்டோவை டயர் மாற்றும் இடமான பிட்டுக்குள் இழுத்து, வேகம் தரும் புது சாஃப்ட் டயர் மாட்டி அனுப்பியது. நோரிஸின் நேரம் உடைந்தது. ரிக்கார்டோ முடித்ததோ 18-ஆவது இடத்தில்; முதல் பத்துக்குள் வராதவருக்குப் புள்ளி கிடையாது. நோரிஸுக்கும் போயிற்று, ரிக்கார்டோவுக்கும் இல்லை. அது ரிக்கார்டோவின் கடைசிப் பந்தயம், ஆசைக்கு ஒரு சுற்று விரட்டினார் என்றே வைத்துக்கொள்வோம். சரி, அதற்குப் புள்ளி ஏன் காற்றில் கரைய வேண்டும்? முதல் பத்துப் பேருக்குள் யார் வேகமோ அவருக்கு என்று ஒரு வரி மாற்றி எழுதியிருந்தால் போதும்.

பெரிய கோளாறு வேறு. எரிபொருள் தீரத் தீர கார் இலேசாகும், வேகமும் கூடும். அந்த நேரத்தில் பின்னால் வருபவர் அரை நிமிடம் தள்ளி இருந்தால், இடத்தை இழக்காமலே பிட்டுக்குள் போய்ப் புது டயர் போட்டுக்கொண்டு வரலாம். அப்புறம் அதிவேகச் சுற்று சும்மா கிடைத்த மாதிரிதான். இதில் ஓட்டுநர் திறமையைவிட அவருக்குப் பின்னால் இருந்த காலி இடத்துக்குத்தான் பரிசு போனது. இதற்கும் வழி உண்டு: கடைசிப் பத்துச் சுற்றுகளில் டயர் மாற்றியவரின் நேரத்தை அதற்குப் பிறகு கணக்கில் சேர்க்காதீர்கள். தேய்ந்த டயரோடு பந்தய நடுவில் ஒருவர் விரட்டி எடுக்கும் சுற்றுக்கு அப்போது மதிப்பு வரும்.

இந்தப் புள்ளி 1950 முதல் 1959 வரையும் இருந்ததுதானே. அப்போதும் வேடிக்கைகளுக்குக் குறைவில்லை. 1954 சில்வர்ஸ்டோனில் கடிகாரம் முழு நொடிகளை மட்டும் காட்டியதால் ஏழு பேர் ஒரே நேரம் எடுத்ததாகப் பதிவாகி, ஆளுக்கு ஏழில் ஒரு பங்கு புள்ளி! 1958-இல் பட்டத்துக்கு மோதியவர்கள் மாஸும் ஹாத்தார்னும். போர்ச்சுகலில் ஹாத்தார்ன் அதிவேகச் சுற்று போட்டுவிட்டார் என்று, அணி ஓட்டுநருக்குச் செய்தி காட்டும் பிட் பலகை சொன்னதை, அவர் வழக்கம்போல் ஓட்டுகிறார் என்று மாஸ் தவறாகப் படித்தார். பதிலுக்கு விரட்டவில்லை. அந்த ஆண்டு நான்கு பந்தயங்களை வென்ற மாஸ் 41 புள்ளி, ஒன்றே ஒன்று வென்ற ஹாத்தார்ன் 42. பட்டம் ஹாத்தார்னுக்கு.

ஆண்டு முடிவில் அதிக அதிவேகச் சுற்றுகளுக்கு ஒரு விருது தரப்படுகிறது, தெரியும். ஆனால் பட்டப் போட்டியில் இருப்பவர் கோப்பைக்காக ரிஸ்க் எடுக்க மாட்டார், புள்ளிக்காக எடுப்பார். ஐந்தாம் இடத்தில் தனியாக ஓடுபவருக்கும் கடைசி இருபது சுற்றுகளில் ஒரு வேலை வேண்டும். மேலே சொன்ன இரண்டு திருத்தங்களோடு ஒரே ஒரு பருவம் சோதித்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு பந்தய ரசிகர்