செஞ்சிக் கோட்டையில் முதல் வேலை நீர்வழி

செஞ்சிக் கோட்டையின் பராமரிப்பைத் திட்டமிடும் தொல்லியல் அலுவலர்களுக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும்,

வணக்கம். 2025 ஜூலையில் மகாராட்டிரத்தின் 11 கோட்டைகளோடு செஞ்சியும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. இனி விளக்கு, நடைபாதை, அறிவிப்புப் பலகை என்று வேலைகள் வரிசைகட்டி வரும். அவற்றுக்கெல்லாம் முன்பாகக் கோட்டையின் நீர்வழிகளைச் சீராக்குங்கள். இந்த மடலை எழுதுவதே அதற்காகத்தான்.

இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளைச் சுமார் 13 கிலோமீட்டர் நீள மதில் இணைக்கிறது. 1690இல் தொடங்கிய முகலாய முற்றுகை 1698 வரை இழுத்தது. அதற்குள் கோட்டையில் இருந்த மராட்டிய மன்னர் இராஜாராம் தப்பியும் போய்விட்டார். இராஜகிரி உச்சிக்கு முன்னால் உள்ள பாறைப் பிளவையும் அதன் மேல் போட்ட பாலத்தையும் எல்லோரும் வியக்கிறார்கள். நியாயம்தான். ஆனால் மலைமேல் சுனையும், அடிவாரத்தில் சக்கரக்குளமும் செட்டிக்குளமும், களஞ்சியங்களில் நெல்லும் இல்லாமல் எந்தப் பிளவும் ஒரு படையை ஆண்டுக்கணக்கில் காப்பாற்றியிருக்காது.

இந்தக் குன்றுகள் பெரும்பாலும் மொட்டைப் பாறை. மழை ஊறி இறங்க மண் இல்லை. பெய்த நீர் உடனே சரிந்து ஓடிவரும். கட்டியவர்கள் அதைச் சுனைக்கும் குளத்துக்கும் திருப்பினார்கள், மிச்சத்தை மதிலின் வடிதுளைகள் வழியே வெளியே விட்டார்கள். அந்தத் துளை மண்ணும் சருகுமாய் அடைபட்டால் நீர் மதிலின் வயிற்றில் தேங்கும். முகப்புதான் கருங்கல், உள்ளே மண்ணும் சல்லியும். ஊறிய மண் கனத்து உப்பி, முகப்புக் கல்லை வெளியே தள்ளும். மதில் புடைத்திருக்கும் இடங்களில் கல்லைப் பிரித்துக் கட்டுவதற்கு முன், அதற்கு மேலே எந்த வடிகால் அடைபட்டிருக்கிறது என்று பாருங்கள். அதைத் திறக்காமல் கட்டினால் அடுத்த சில மழைக்காலங்களில் அதே இடம் மறுபடி புடைக்கும்.

சிமெண்ட் பூச்சு வேண்டவே வேண்டாம். அது ஈரத்தை வெளியே விடாது. கருங்கல் ஓரளவு தாங்கும். செங்கல் வளைவுகளும் சுதைப் பூச்சும் தாங்காது, உப்புப் பூத்துப் பொடிந்து உதிரும். அதற்குப் பதில் சுண்ணாம்புக் காரை போதும். நீற்றிய சுண்ணாம்பைச் சில வாரமாவது நீரிலேயே ஊறவிட வேண்டும். சரியாக நீறாத கட்டி கலவையில் தங்கிவிட்டால், பூசிய பிறகு அது நீறிப் பருத்துப் பூச்சை வெடிக்க வைக்கும். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு உப்பில்லாத மணல் சேர்த்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் குழைக்கலாம். பழைய காரையைக் கல்லிடுக்கின் அகலத்தைப் போல் இருமடங்கு ஆழத்துக்குச் சுரண்டி, நனைத்து, அதன்பின் திணிக்க வேண்டும். ஈரச் சாக்கு மூடி ஒரு வாரமாவது காய்ந்துவிடாமல் காக்க வேண்டும். ஜனவரி முதல் மார்ச் வரை இதற்குத் தோதான காலம்: வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், கத்திரி வெயில் வந்திருக்காது.

கல்லிடுக்கில் முளைக்கும் அரசையும் ஆலையும் மேலோடு வெட்டுவது வீண்; மறுபடி துளிர்க்கும், வேரும் தடிக்கும். கன்றாக இருக்கும்போதே வேரோடு எடுங்கள். தடித்த வேரை இழுத்தால் கல்லும் கூடவே வரும். அதை அங்கேயே பட்டுப்போகச் செய்து, பிறகு துண்டு துண்டாக எடுத்துக் காரை திணிக்க வேண்டும்.

கடைசியாகக் கல்யாண மகால். அந்த அடுக்குமாடிக் கோபுரத்தின் மேல்தளங்கள் வரை சுட்ட மண்குழாயில் நீர் கொண்டுபோயிருக்கிறார்கள். குழாயில் நீர் தானாக ஏற வேண்டுமானால் அதன் தலைப்பு, அதாவது நீர் நுழையும் முனை, அந்தத் தளங்களைவிட உயரத்தில் இருந்தாக வேண்டும். மட்டம் பார்த்து அந்தத் தலைப்பு முதல் மகால் வரையிலான தடத்தை வரைபடத்தில் குறியுங்கள். அது முடியும்வரை கோட்டைக்குள் மின்கம்பி புதைக்க எந்திரம் வைத்துப் பள்ளம் தோண்ட அனுமதிக்காதீர்கள். தோண்டியே ஆக வேண்டிய இடத்தில் கைக்கொத்தால், தொல்லியல் தெரிந்த ஒருவர் பக்கத்தில் நிற்க, தோண்டட்டும். உடைந்த ஓட்டுக் குழாய் ஒன்று தட்டுப்பட்டாலும் வேலை அங்கேயே நிற்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதிச் சேருங்கள்.