அம்மாவுக்கு வாசிக்கும்போது நடுப்பக்கம் வேண்டாம்

லண்டன்
20 ஜனவரி 1974

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். மதினியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்லவும். கடிதத்தை முதலில் நீங்கள் மட்டும் படியுங்கள்.

வேலை எப்படி என்று கேட்டிருந்தீர்கள். டெலிவிஷன் நிலையத்தின் வீடியோ டேப் அறையில்தான் இருக்கிறேன். டேப் இரண்டு அங்குல அகலம். ஒரு மணி நேரச் சுருளைத் தூக்கினால் ஆட்டுக்கல் குழவியைத் தூக்குகிற மாதிரி இருக்கும். இயந்திரத்தைப் பழக அதிக நாள் ஆகவில்லை. குடியைப் பழகத்தான் (பதறவேண்டாம், பார்த்துப் பழகத்தான்) ஒரு வருடம் ஆனது.

இங்கே பப் (மதுக்கடை) பகல் 11 முதல் 3 வரை, அப்புறம் மாலை 5:30 முதல் 11 வரை. நடுவில் கதவடைப்பு, சட்டம் அப்படி. ஆனால் நிலையத்துக்குள்ளேயே பார் உண்டு. பிபிசியின் டெலிவிஷன் சென்டரில் நாலாவது மாடியில் இருக்கிறதே, அதுபோல எங்களுக்கும் ஒன்று. பகல் முழுக்க ஒத்திகை, ராத்திரி 7:30க்கு ஒளிப்பதிவு, நடுவில் ஒன்றரை மணி நேரம் சும்மா. எங்கே போவார்கள்? எங்கள் மூத்த காமிராக்காரருக்கு இரண்டு பைன்ட் பீர் உள்ளே போனால்தான் கை நடுக்கம் நிற்கும். அதற்குப் பிறகு அவர் காமிராவைத் தள்ளினால் தேர் நிலைக்கு வருகிற மாதிரி அலுங்காமல் வந்து நிற்கும்.

முதல் ஆறு மாதம் நான் அறையிலேயே உட்கார்ந்து ரொட்டி தின்றேன். ராத்திரி ஷிப்டும் பழைய டேப்பை அழிக்கிற வேலையும்தான் கிடைத்தன. யாருக்கு எந்த நிகழ்ச்சி என்பது நோட்டீஸ் போர்டுக்கு வருமுன்னே பாரில் முடிவாகிவிடுகிறது என்று பிறகுதான் புரிந்தது. இப்போது ஆரஞ்சு ஜூஸோடு நானும் போய் நிற்கிறேன். நாடகப் பதிவு கிடைக்கிறது. ஆனால் ‘ரவுண்டு’ என்று ஒரு முறை: ஐந்து பேர் நின்றால் ஆளுக்கொரு தடவை எல்லோருக்கும் வாங்க வேண்டும். ஜூஸ் குடிக்கிறவனுக்கும் விலக்கில்லை.

எல்லாம் வேடிக்கை இல்லை. டேப் ஓடிச் சீராக 10 விநாடி வேண்டும். ஒரு ராத்திரி பாரிலிருந்து ஓடிவந்தவர் பொத்தானைத் தாமதமாக அமுக்க, நிகழ்ச்சிக்குப் பதில், அதற்கு முன்னால் டேப்பில் எங்களுக்காகப் பதிந்திருக்கும் எண்ணிக்கைக் கடிகாரம் வீடு வீடாகத் தெரிந்தது. மறுநாள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். நானாக இருந்திருந்தால் சிரித்திருப்பார்களா?

குடித்துவிட்டுக் கார் ஓட்டுகிறவர்களைப் பிடிக்கிற மூச்சுச் சோதனைக் குழாய் 1967-ல் வந்ததிலிருந்து பாதிப் பேர் ரயிலில்தான் வருகிறார்கள். இப்போது கரண்டைச் சேமிக்க ஒளிபரப்பு 10:30க்கே முடிய வேண்டும் என்று அரசாங்க உத்தரவு. டிவி தூங்கிய பிறகும் பப் அரை மணி நேரம் விழித்திருக்கிறது!

1971-ல் நம்மூரில் மதுவிலக்கை எடுத்தபோது அப்பா மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தது ஞாபகம் வருகிறது. இதெல்லாம் அவர் காதுக்குப் போகவேண்டாம். பம்பாய்க்கு டிவி வந்தும் மெட்ராஸுக்கு இன்னும் வரவில்லை. வந்தால் திரும்பிவிடலாம் என்றுதான் பார்க்கிறேன்.

இந்த மாதம் 5 பவுண்டு குறைத்து அனுப்பியிருக்கிறேன். ரவுண்டு கணக்கு. அம்மா கேட்டால் குளிருக்குக் கோட்டு வாங்கினான் என்று சொல்லிவிடுங்கள்.

அன்புத் தம்பி