தட்டில் துளையிட்டவர்களை விட்டுவிட்டீர்களே!

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த தொலைக்காட்சி வரலாற்றுக் கட்டுரையை இருமுறை படித்தேன். லண்டன் சோஹோவில் ஒரு மாடியறையில் 1926 ஜனவரி 26 அன்று ஸ்காட்லாந்துக் கண்டுபிடிப்பாளர் ஜான் லோகி பெயர்டு தம் தொலைக்காட்சிக் கருவியை இயக்கிக் காட்டியதைச் சரியாகவே எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அடுத்த பத்தியிலேயே 1936-க்குத் தாவிவிட்டீர்கள். நடுவில் கிடக்கும் பத்தாண்டுகள் எங்கே போயின? வீட்டுக் கொல்லையிலும் சமையலறை மேசையிலும் தாமே தொலைக்காட்சி செய்து பார்த்தவர்களின் காலம் அது.

இன்னொன்று, அந்தப் படம் கறுப்பு வெள்ளை என்று எழுதியிருக்கிறீர்கள். அது கறுப்பும் செம்மஞ்சளும். அந்தக் காலக் கருவியில் சுழலும் துளைத் தட்டுக்குப் பின்னால் எரிந்தது நியான் விளக்கு. அதன் நிறம்தான் படத்தின் நிறம்.

1884-லேயே பெர்லினில் பால் நிப்கோ என்ற மாணவர் காப்புரிமை கோரிய யோசனைதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. ஒரு வட்டத் தட்டு. அதில் சுருள் வடிவில் துளைகள். தட்டு ஒரு சுற்றுச் சுற்றினால் ஒவ்வொரு துளையும் ஒரு கோட்டை வரைந்துவிட்டுப் போகும். பெயர்டு பயன்படுத்தியது 30 கோடுகள், நொடிக்கு பன்னிரண்டரைப் படங்கள். அதாவது நிமிடத்துக்கு 750 சுற்று. 1929 செப்டம்பர் 30 முதல் பிபிசியின் அலைபரப்பி வழியே இது ஒளிபரப்பானது. முதல் சில மாதங்கள் கிடைத்தது ஒரே அலைபரப்பிதான் என்பதால், முதலில் ஊமைப்படம், அது முடிந்த பிறகு அதே ஆளின் குரல்! 1930 மார்ச் கடைசியில்தான் இரண்டும் சேர்ந்து வந்தன.

கடையில் விற்ற 'டெலிவைசர்' பெட்டி சாமானியர் வாங்கும் விலையில் இல்லை. ஆர்வலர்கள் அலுமினியத் தகட்டை வாங்கி, கோணமானி வைத்து அளந்து, தாமே துளையிட்டார்கள். 20 அங்குலத் தட்டில் கிடைக்கும் படம் ஏறத்தாழ இரண்டு அங்குல உயரம், ஓர் அங்குலத்துக்கும் குறைவான அகலம். பூதக்கண்ணாடி வைத்துத்தான் பார்க்க வேண்டும். அன்றைய ஆங்கிலத்தில் நேயர்களை 'எட்டிப் பார்ப்பவர்கள்' என்ற பொருளில் அழைத்தது பொருத்தம்தான்.

இதை ஏட்டில் படித்துவிட்டு மட்டும் எழுதவில்லை. ஓய்வுபெற்ற பிறகு நானும் ஒன்று செய்தேன். பிரிட்டனில் 1975-இல் தொடங்கிய ஆர்வலர் சங்கம் ஒன்று இன்றும் 32 கோட்டு முறையைக் கையாள்கிறது. கோட்டுக்கொரு துளை என்பதால் 32 எனக்கு வசதியாகப் போயிற்று. வட்டத்தைப் பாதி, பாதியில் பாதி என்று ஐந்து முறை பிரித்தால் போதும். தட்டு ஓரடி அகலம். துளைக்குத் தையல் ஊசி. ஏழாவது துளை மயிரிழை உள்ளே தள்ளிவிட்டது. விளைவு, திரையில் தெரிந்த பெண்ணின் மூக்கருகே எப்போதும் ஒரு கறுப்புக் கோடு. வேகம் சற்றுக் கூடினாலும் முகம் சாய்ந்து, மேலே ஏறி, தலை கீழேயிருந்து முளைக்கும். தட்டின் விளிம்பை விரலால் மெல்லத் தொட்டு அதை நிறுத்த வேண்டும். அந்தக் கால ஆர்வலர்களும் இதையேதான் செய்தார்கள். விரல் நுனி சூடேறும்போது அவர்கள் மீது தனி மரியாதையே வந்துவிட்டது.

இந்தப் படச் சமிக்ஞை ஒலியின் அலைவரிசைக்குள்ளேயே அடங்கிவிடும். காதால் கேட்டால் வண்டு ரீங்கரிப்பது போலிருக்கும். அதனால்தான் 1933-இல் ஓர் ஆர்வலர் பிபிசி நிகழ்ச்சியொன்றை வீட்டு அலுமினிய இசைத்தட்டிலேயே பதிந்து வைக்க முடிந்தது. பல பத்தாண்டுகள் கழித்து டொனால்டு மெக்லீன் என்ற பொறியாளர் அதைக் கணினியில் ஏற்றி, அதிலிருந்த நடனமாடும் பெண்களின் படத்தை மீட்டெடுத்தார்.

அந்த ஆர்வலர்களுக்குக் கிடைத்த கைம்மாறு? 1935 செப்டம்பரில் 30 கோட்டு ஒளிபரப்பு நிறுத்தப்பட்டது. லண்டனின் அலெக்சாந்திரா அரண்மனையிலிருந்து பிபிசியின் புதிய ஒளிபரப்பு முறையாகத் தொடங்கியது 1936 நவம்பர் 2 அன்று. அதுவும் லண்டனையும் சுற்றுவட்டாரத்தையும் தாண்டிச் சரியாக எட்டாத அலை. பழையதோ மத்திய அலை; இரவில் நெடுந்தூரம் போகும். வெளியூரில் தட்டு செய்து வைத்திருந்தவர் நிலைமையை யோசித்துப் பாருங்கள். தட்டு சுற்றும், விளக்கு எரியும், பார்க்கத்தான் ஒன்றும் இராது. புதிய முறை பல மடங்கு தெளிவானது, மறுக்கவில்லை. ஆனாலும் உங்கள் கட்டுரை அவர்களுக்கு ஒரு வரியாவது ஒதுக்கியிருக்கலாம்.

கட்டுரையாளர் கும்பகோணம் பக்கம் வந்தால் சொல்லச் சொல்லுங்கள். அறையை இருட்டாக்கி வைக்கிறேன். விளிம்பைத் தொட்டு வேகம் பிடிக்கும் வேலை மட்டும் அவருடையது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர்,
கும்பகோணம்.