ஒரு ஸ்டார் போட்டவருக்கு எழுதும் பதில்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் காகிதம்.

பாண்டிச்சேரியில் இருக்கிற உன் கஃபேக்குக் கூகுளில் ஒரு ஸ்டார் போட்ட மனுஷருக்கு நீ ராத்திரி பதினொன்றரை மணிக்கு எழுதின பதிலை உன் சித்தி மகன் காட்டினான். "பதினைந்து ரூபாய் காபி வேண்டுமென்றால் டீக்கடைக்குப் போங்கள்" என்று முடித்திருக்கிறாய். கடலூர் திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷன் பக்கம் டிபன் கடை வைத்திருந்தவள் பெற்ற மகள் எழுதுகிற வாக்கியமா அது? கோபம் நியாயம்தான். ஞாயிறு முழுக்க நின்ற கால்வலி, ஒரு காபிக்கு ரெண்டு மணி நேரம் மேசையைப் பிடித்துக்கொண்டவர், எல்லாம் எனக்குத் தெரியாதா? ஆனால் அந்தப் பதிலை அவர் மட்டுமா படிப்பார்? அடுத்த சனிக்கிழமை பெங்களூரிலிருந்து கிளம்புகிறவர்கள் பஸ்ஸில் உட்கார்ந்து கடை தேடும்போது அவர் சொன்ன குறையையும் உன் பதிலையும் சேர்த்தே படிப்பார்கள். குறை மறந்துபோகும். கடைக்காரி வாய் எப்படி என்பது மனசில் நிற்கும்.

"காபி உப்புக் கரிக்கிறது, சிக்கரி கலப்படம்" என்று அவர் எழுதியிருந்தார். நீ சிக்கரியைப் பிடித்துக்கொண்டாய். சிக்கரி கலந்த பொடியில் குறைந்தது 51 சதவீதம் காபி இருக்க வேண்டும், அளவைப் பாக்கெட்டில் போட வேண்டும், அப்படி இருந்தால் அது கலப்படமே இல்லை. அந்த மட்டும் நீ சொன்னது சரி. ஆனால் சிக்கரி கசக்கும், கரிக்காது. உப்பு எங்கிருந்து வந்தது என்று ஏன் கேட்கவில்லை? கடலுக்கு நாலு தெரு தள்ளிக் கடை. கூட்ட நாளில் கேன் தண்ணீர் தீர்ந்திருக்கும், யாரோ போர் தண்ணீரைப் பிடித்து டிக்காஷன் போட்டிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. கோடையில் கடலோரத்துப் போர் தண்ணீர் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சாப்பிட வருகிறவர் சொல்கிற காரணம் தப்பாக இருக்கும். அவர் நாக்கு பெரும்பாலும் தப்பாக இருக்காது.

நம் கடையில் "பொடியை மாத்திட்டியாக்கா, கசக்குதே" என்று அடிக்கடி கேட்பார்கள். பொடி அதேதான். ஃபில்டரின் ஓட்டைகள் அடைத்துக்கொண்டு டிக்காஷன் சொட்டுச் சொட்டாக நெடுநேரம் இறங்கும், அதனால் கசக்கும். உன் கடையில் "காபி சில்லென்று இருக்கிறது" என்று மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். அந்தத் தடித்த பீங்கான் கப்தான் சூட்டைக் குடித்துவிடுகிறது. கப்பில் முதலில் கொதிநீர் ஊற்றிக் கொட்டிவிட்டுக் காபியை ஊற்றச் சொல். மன்னிப்பு கேட்டு எழுதுவதைவிட இது சுலபம்.

அவர் உன் பில்லையும் படம் பிடித்துப் போட்டிருக்கிறார். அதில் சர்வீஸ் சார்ஜ் பத்து சதவீதம் என்று இருக்கிறது. யார் சொல்லிச் சேர்த்தாய்? அஞ்சு சதவீத ஜிஎஸ்டி வேறு, இது வேறு. கேட்காமல் பில்லில் சர்வீஸ் சார்ஜ் போடக்கூடாது என்று நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லிவிட்டது, 2025 மார்ச்சில் டெல்லி ஐகோர்ட்டும் அது செல்லும் என்றது. நுகர்வோர் உதவி எண் 1915-க்கு ஒரு போன் போட்டால் புகார் பதிவாகிவிடும். இதற்கு விளக்கமெல்லாம் எழுதாதே, பில்லிலிருந்து எடுத்துவிடு. ஆள் சம்பளம் கட்டுப்படியாகவில்லை என்றால் காபி விலையை ஏற்று. விலைக்கு மட்டும் யாரிடமும் மன்னிப்பு கேட்காதே. அந்தத் தெரு வாடகை எனக்குத் தெரியும். வாசலிலேயே விலைப் பலகை மாட்டு, உள்ளே வந்து உட்கார்ந்தபின் யாரும் திடுக்கிட வேண்டாம்.

"பரிமாறும் பையன் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான்" என்றும் இருக்கிறது. எட்டு மேசைக்கு ஒரு பையன். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பீச் ரோட்டில் வண்டி விடமாட்டார்கள். வருகிறவர்கள் வண்டி நிறுத்த இடம் தேடி அலைந்து எரிச்சலோடுதான் உள்ளே நுழைகிறார்கள். அந்த முகத்தைப் பார்த்துப் பார்த்து அவன் முகமும் தொங்கிப்போகும். எல்லாருக்கும் முன்னால் அதைப் படித்துக் காட்டி அவனை அவமானப்படுத்தாதே. தனியாகக் கூப்பிட்டு, மத்தியானம் சாப்பிட்டானா என்று முதலில் கேள். "அவரை நீக்கிவிட்டோம்" என்று பெருமையாக எழுதுகிற கடைகளைப் பார்த்தால் எனக்கு அந்தக் காபி இறங்காது.

எதிலும் விட்டுக்கொடு என்று நான் சொல்லவில்லை. கெட்ட வார்த்தை எழுதுகிறவர், கடைக்கே வராமல் எழுதுகிறவர், இவர்களைப் பற்றிக் கூகுளில் புகார் கொடுக்கலாமாம், எடுத்தாலும் எடுப்பார்களாம். காபி பிடிக்கவில்லை என்று எழுதினால் எடுக்கமாட்டார்கள், எடுக்கவும் கூடாது. அஞ்சு ஸ்டார் போட்டால் ஒரு கேக் இலவசம் என்று கல்லாவில் அட்டை வைத்திருக்கிறாயாமே, அதுவும் அவர்கள் விதிக்கு விரோதம் என்கிறான் உன் சித்தி மகன். அட்டையை எடுத்துவிடு.

ஒன்றில் மட்டும் கொஞ்சமும் அசட்டை கூடாது. முட்டை இல்லாத கேக் கேட்டவருக்கு முட்டை போட்டது போய்விட்டால், முந்திரி ஒத்துக்கொள்ளாதவருக்கு முந்திரி போய்விட்டால், பணத்தைத் திருப்பிக் கொடுத்ததும் முடிகிற சமாச்சாரம் இல்லை அது. பண்ருட்டி முந்திரி நம் பக்கத்தில் எல்லாவற்றிலும் விழும். எதில் இருக்கிறதென்று மெனுவில் எழுதி வை.

நம் கடையில் யாரும் எழுதிப் போடமாட்டார்கள். "என்னக்கா, சாம்பார்ல பருப்புக்கு இன்னிக்கு லீவா?" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கேட்பார்கள். கேட்டவர் மறுநாளும் வருவார். எனக்குப் பயமெல்லாம் பாதி இட்லியை இலையில் விட்டுவிட்டு, "நல்லா இருந்துச்சு" என்று காசு கொடுத்துப் போகிறவரிடம்தான். அவர் திரும்ப வரமாட்டார். ஸ்டாரை எண்ணுவதை விட்டுவிட்டு, பாத்திரம் கழுவுகிற இடத்தில் தினம் பத்து நிமிஷம் நில். எந்தக் கப் மிச்சத்தோடு வருகிறதென்று பார்.

பதிலைத் திருத்தலாமாம். நான் எழுதி வைத்திருக்கிறேன், பிடித்தால் போடு: "நீங்கள் சொன்னது சரி. அன்று தண்ணீர் மாறிவிட்டது, இப்போது சரிசெய்துவிட்டோம். சர்வீஸ் சார்ஜை எடுத்துவிட்டோம், உங்களிடம் வாங்கியதைத் திருப்பித் தருகிறோம், பில்லோடு கடைக்குப் போன் செய்யுங்கள். கோபத்தில் முன்பு எழுதியதற்கு வருந்துகிறேன்." இவ்வளவு போதும். "மதிப்பிற்குரிய வாடிக்கையாளரே" என்றெல்லாம் ஆரம்பிக்காதே, பேங்க் நோட்டீஸ் மாதிரி இருக்கும். ஆனால் தண்ணீரை நீயே வாயில் விட்டுப் பார்த்தபிறகு போடு. என் ஊகம் தப்பாக இருந்தால் அந்த வரியை மாற்றிவிடு.

கேன்காரரிடம் சனி, ஞாயிறுக்கு ரெண்டு கேன் கூடப் போடச் சொல். வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். பித்தளை ஃபில்டர் ரெண்டையும் கழுவாமல் அப்படியே வை, ஓட்டையை நான் பார்க்கிறேன்.

அம்மா