நிலுவைப் பட்டியலில் இருக்கும் மனிதர்கள்: உள்ளாட்சி மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மன்றத் தலைவருக்கும், உறுப்பினர்களுக்கும், சமூக நலப் பிரிவில் வேலை பார்க்கும் அலுவலர்களுக்கும் வணக்கம்.

ஒரு வீட்டில் நிலைமை சரியில்லை என்பது மருத்துவருக்குத் தெரிவதற்கு வெகு முன்பே உங்கள் அலுவலகத்துக்குத் தெரிந்துவிடுகிறது. பல வருடம் ஒழுங்காக வரி கட்டியவர் திடீரென்று நிறுத்திவிடுகிறார். குடிநீர்க் கட்டணம் ஏறிக்கொண்டே போகிறது. கணவரின் இறப்பைப் பதிய வந்த பெண் எந்தத் தாளை எந்த மேஜையில் கொடுப்பது என்று தெரியாமல் நிற்கிறார். மாதம் தவறாமல் உதவித்தொகை வாங்க வந்த முதியவரை இப்போது காணோம். இவை எல்லாமே உங்கள் பதிவேடுகளில் இருக்கின்றன. ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பிரிவில் கிடக்கிறது. சேர்த்துப் பார்ப்பது யாருடைய வேலையும் இல்லை.

மனநலத்துக்காக நீங்கள் எதுவுமே செய்யவில்லை என்று சண்டைக்கு வரவில்லை. அக்டோபர் 10 உலக மனநல நாள் வந்தால் பேரணி, துண்டறிக்கை, உறுதிமொழி, ஒரு சிறப்புரை என்று எல்லாம் நடக்கிறது. சரி, நடக்கட்டும். ஆனால் துண்டறிக்கையைப் படித்து, அதிலுள்ள எண்ணைத் தேடி, போன் போட்டுப் பேசும் தெம்பு இருப்பவர் ஏதோ ஒரு வழியில் கரையேறிவிடுவார். தூக்கம் கெட்டு, குளிக்க மனமில்லாமல், காலிங் பெல் அடித்தால்கூட எழுந்து வராதவர் உங்கள் அரங்கத்து நாற்காலியில் வந்து உட்காரப் போவதில்லை. அவரிடம் நீங்கள்தான் போக வேண்டும். போவதற்கான வழி பணக் கஷ்டமும் துக்கமும் உங்களிடம் வந்து சேரும் அதே கவுன்டர்களில் தொடங்குகிறது என்பதுதான் இந்த மடலின் ஒரே கோரிக்கை.

கடனும் மனச்சோர்வும் ஒன்றையொன்று வளர்ப்பவை. கடன் ஏறினால் தூக்கம் போகிறது; தூக்கம் போனால் வேலையில் கவனம் போகிறது; வருமானம் குறைகிறது; வந்த கடிதங்களைப் பிரிக்கவே பயம் வந்துவிடுகிறது. பிரிக்காத கடிதங்களில் உங்கள் நோட்டீஸும் ஒன்று. பதில் வராததை நீங்கள் அலட்சியம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் கடுமையாக இன்னொன்று அனுப்புகிறீர்கள். அதுவும் பிரிக்கப்படாமல் கிடக்கிறது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இதைச் சட்டமாகவே எழுதிவிட்டார்கள். 2021 மே 4 முதல் அங்கே கடனில் தவிக்கும் ஒருவருக்கு 60 நாள் அவகாசம் கிடைக்கிறது. அதற்குள் பெரும்பாலான கடன்களுக்கு வட்டி ஏற்றவோ வசூல் நடவடிக்கை எடுக்கவோ முடியாது. மனநல நெருக்கடிக்குச் சிகிச்சை பெறுபவர் என்றால் சிகிச்சை முடியும் வரையும், அதன் பிறகு 30 நாளும் அந்தப் பாதுகாப்பு நீடிக்கும். நீங்கள் கவனிக்க வேண்டியது, உள்ளாட்சிக்குச் சேர வேண்டிய வரி நிலுவையும் இதில் அடங்கும். வங்கி விட்டுக்கொடுக்கும்போது உள்ளாட்சியும் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது அங்கே விதி. அதிலும் ஒரு குறை உண்டு. இந்த நீண்ட அவகாசத்துக்கு மனநலத் துறையில் அங்கீகாரம் பெற்றவரின் சான்று வேண்டும். அந்தக் கதவு வரை போகவே முடியாதவர்கள் வெளியேதான் நிற்கிறார்கள். நீங்கள் சட்டம் இயற்ற வேண்டாம். குடிநீர் இணைப்பைத் துண்டிக்கும் உத்தரவில் கையெழுத்துப் போடும் முன் அந்த வீட்டுக்கு ஒருவர் போய்ப் பார்த்தாரா என்று கோப்பில் ஒரு வரி எழுத வேண்டும் என்று ஆக்கினால் போதும்.

“எங்களிடம் மனநல மருத்துவரே இல்லையே” என்பீர்கள். பல இடங்களில் இல்லைதான். ஜிம்பாப்வேயின் ஹராரே நகரிலும் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே இருந்தார்கள். டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் அங்கே 2006-ல் ஒரு வேலையைத் தொடங்கினார். மருத்துவமனைக்கு வர பஸ் காசு இல்லாததால் வராமலே போன நோயாளி ஒருவர் தற்கொலை செய்துகொண்டதுதான் அவரை அதில் இறக்கியது. கையில் கிடைத்தது 14 பாட்டிகள். ஏற்கெனவே சமூக சுகாதாரப் பணியில் இருந்த, அக்கம்பக்கத்தாருக்கு முகம் தெரிந்த பெண்கள். நகரச் சுகாதார நிலையங்களின் வளாகத்தில் ஒரு மர பெஞ்சு போட்டு, வருபவரின் பிரச்சினைகளில் ஒன்றை மட்டும் எடுத்து, அதற்கு அவரே ஒரு வழி காணும்வரை உடன் உட்கார்ந்து பேசப் பழக்கினார்கள். இது நட்பான பேச்சு என்பதோடு நிற்கவில்லை. முறையாகச் சோதித்தும் பார்த்தார்கள். 24 சுகாதார நிலையங்களில் 573 பேரை வைத்து நடந்த ஆய்வு 2016-ல் வெளியானது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, வழக்கமான கவனிப்பு பெற்றவர்களைவிட பெஞ்சுக்கு வந்து பேசியவர்களிடம் மனச்சோர்வு, பதற்றத்தின் அறிகுறிகள் தெளிவாகக் குறைந்திருந்தன. உங்களிடமும் வீடு வீடாகப் போகும் பணியாளர்கள் இருக்கிறார்கள். எந்த வீட்டில் யார் படுத்திருக்கிறார் என்பது அவர்களுக்குத் தெரியும். அவர்களிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

அவர்களுக்குக் கொடுக்கும் பயிற்சியில் ஒன்றை விட்டுவிடாதீர்கள். “உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா?” என்று நேரடியாகக் கேட்கப் பழக்குங்கள். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பலரும் பயப்படுகிறார்கள். கேட்பதால் அந்த எண்ணம் வருவதில்லை. ஏற்கெனவே அதைச் சுமந்துகொண்டிருப்பவருக்கு யாரோ ஒருவர் கேட்டாரே என்று மூச்சு விட முடிகிறது. ஆமாம் என்று பதில் வந்தால் அவரைத் தனியே விடாமல் யாரிடம் அழைத்துப் போவது என்பதும் அந்தப் பணியாளருக்கு அன்றே தெரிந்திருக்க வேண்டும்.

அப்புறம், தொடர்ந்து போவது. பெரும்பாலான திட்டங்கள் இங்கேதான் கைவிடுகின்றன. உலக சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு உட்பட ஐந்து நாடுகளின் ஐந்து இடங்களில் ஓர் ஆய்வு நடத்தியது. தற்கொலைக்கு முயன்று மருத்துவமனைக்கு வந்த 1,867 பேரில் ஒரு பாதியினருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். மறு பாதியினருக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசியபின், 18 மாதத்தில் ஒன்பது முறை போனிலோ நேரிலோ “எப்படி இருக்கிறீர்கள்?” என்று கேட்டார்கள். அந்த 18 மாதத்தில் தற்கொலையால் இறந்தவர்கள் முதல் பிரிவில் 2.2 சதவீதம், இரண்டாவதில் 0.2 சதவீதம். 2008-ல் வந்த முடிவு இது. புதுக் கட்டிடமோ விலை உயர்ந்த மருந்தோ கேட்காத வேலை. யார், எந்த நாளில், யாருக்கு போன் போடுவது என்ற ஒரு பட்டியலும், அதைச் செய்ய ஒரு ஆளும், அந்த ஆளை மூன்றாம் மாதமே வேறு வேலைக்கு மாற்றாத மேலதிகாரியும் வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் கிடைப்பது கஷ்டம் என்று நினைக்கிறேன்.

உள்ளாட்சிக்கு இதில் என்ன வேலை என்று கேட்கும் உறுப்பினர்களுக்கு ஜப்பானைச் சொல்வேன். அங்கே 1998 முதல் 2011 வரை ஒவ்வொரு ஆண்டும் 30,000-க்கும் மேற்பட்டவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். 2006-ல் தனிச் சட்டம் வந்தது. 2016 திருத்தம் ஒவ்வொரு உள்ளாட்சியும் தன் பகுதிக்கென்று ஒரு தடுப்புத் திட்டம் வகுக்க வேண்டும் என்றது. டோக்கியோவின் அடாச்சி வட்டாரத்தில் வேலைவாய்ப்பு, சட்டம், உடல்நலம் ஆகியவற்றுக்கான ஆலோசகர்கள் ஒரே இடத்தில் உட்கார்ந்து மக்களைச் சந்தித்தார்கள். வேலை போனது, கடன், குடும்பத் தகராறு, நோய் என்று ஒரே ஆளின் தலையில் பலதும் சேர்ந்து விழும்போது அவரை நான்கு அலுவலகத்துக்கு அலையவிடக் கூடாது என்பதுதான் கணக்கு. நாட்டின் எண்ணிக்கை 2019-ல் சுமார் 20,000-ஆக இறங்கியது. அதற்குப் பல காரணங்கள் இருக்கும், ஒரு வட்டாரத்தின் சாதனை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கவுன்டரும் உயிரும் சம்பந்தப்பட்டவை என்று ஒரு நாடு ஒப்புக்கொண்டிருக்கிறது.

நீங்கள் அந்த அளவுக்குப் போக வேண்டாம். ஒருவரை அடுத்த பிரிவுக்கு அனுப்பும்போது “மாடியில் போய்க் கேளுங்கள்” என்று கையைக் காட்டாமல், மேலே இருப்பவருக்கு போன் போட்டு, “இன்னார் வருகிறார், அவருக்கு இது வேண்டும்” என்று சொல்லி அனுப்பினாலே பாதிப் பேர் வழியில் திரும்பிப் போக மாட்டார்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு, இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நிலுவைப் பட்டியலை வைத்து ஆள் தேடுவது, தவறான கையில் போனால், கண்காணிப்பாக மாறிவிடும். வசூலுக்கு வருபவரே நலம் விசாரிக்கவும் வரக் கூடாது; அப்படி வந்தால் எந்தக் கதவும் திறக்காது. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, தெருவே கேட்கும்படி பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. அந்தப் பட்டியல் மன்ற உறுப்பினரின் கைக்கோ, கட்சிக்காரரின் போனுக்கோ, காவல் நிலையத்துக்கோ போகக் கூடாது. “எனக்கு வேண்டாம், போங்கள்” என்று சொல்லும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு. அப்படிச் சொன்னவரின் உதவித்தொகையிலோ சான்றிதழிலோ அதற்கான பழிவாங்கல் எதுவும் இருக்கக் கூடாது. இதற்கு எழுத்தில் விதி இல்லாமல் வேலையைத் தொடங்குவதைவிடத் தொடங்காமல் இருப்பதே மேல்.

உங்கள் ஊழியர்களையும் நினைத்துப் பாருங்கள். நாள் முழுக்கத் திட்டு வாங்கும் கவுன்டர் எழுத்தரிடம் போய் “இனிமேல் நீங்கள் அன்பாகவும் பேச வேண்டும்” என்று சுற்றறிக்கை விட்டால் அவர் சிரிப்பார், அது நியாயம்தான். கனமான கதைகளைக் கேட்கும் பணியாளருக்கு வாரம் ஒருமுறையாவது அதை இறக்கி வைத்துப் பேச ஒரு மூத்தவர் வேண்டும். இந்த வேலைக்கு ஊதியமும் வேண்டும். சேவை மனப்பான்மை என்ற பெயரில் பெண் பணியாளர்களின் தலையில் இலவசமாகக் கட்டாதீர்கள்.

இவை அனைத்தையும் ஒரே நாளில் கேட்கவில்லை. அடுத்த கூட்டத்தில் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நிலுவை நோட்டீஸில் அபராதத்தைச் சொல்லும் வரிக்கு மேலே, அதே அளவு எழுத்தில், “கட்ட முடியாத நிலையில் இருந்தால் இவரிடம் பேசுங்கள்” என்று ஒரு பதவியும், உண்மையிலேயே எடுக்கப்படும் ஒரு தொலைபேசி எண்ணும் அச்சாக வேண்டும். இணைப்பைத் துண்டிக்கும் முன் ஒருவர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்ற தீர்மானம் நிறைவேற வேண்டும். முடியாது என்றால் ஏன் முடியாது என்பதைக் கூட்டக் குறிப்பில் பதிவு செய்து, எல்லோரும் படிக்கும்படி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் எல்லைக்குள் குடியிருக்கும் ஒருவர்