சாயங்காலம் ஐந்து மணிக்குக் கடை மூடல்

குவாதலஹாரா, மெக்சிகோ

அன்புள்ள சேவியருக்கு,

உன் கடிதம் வந்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். ரிட்டயர் ஆன கையோடு தூத்துக்குடியில் மீன் சாப்பாட்டுக் கடை போடப் போகிறாய் என்றதும் சுகந்தியைக் கூப்பிட்டுச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். கடை சரி. ஆனால் ஏசி ஹால், இரவு பதினொன்று வரை வியாபாரம், எண்பது அயிட்டம் என்று ஒரு கணக்குப் போட்டிருக்கிறாயே, அதில்தான் எனக்கு மனசு ஒப்பவில்லை.

போன வெள்ளிக்கிழமை ஒரு மரிஸ்கேரியாவுக்குப் போயிருந்தோம். கடல் உணவு மட்டும் விற்கும் கடையை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். தவக்காலம் ஆயிற்றே, உங்கள் வீட்டைப் போலவே இவர்களும் வெள்ளிக்கிழமை கறி தொட மாட்டார்கள். வாசலைத் தாண்டித் தெருவில் கூட்டம். இத்தனைக்கும் இது கடற்கரை ஊர் இல்லை, மேட்டு நிலம். பசிபிக் கரையிலிருந்து லாரியில் வந்து பக்கத்துச் சப்போபானின் மீன் சந்தையில் இறங்கும் சரக்குதான்.

கவனித்துப் பார், இந்தக் கடைகளில் பெரும்பாலானவை மத்தியானக் கடைகள். காலை பதினொன்று வாக்கில் திறந்து, சாயங்காலம் ஐந்து ஆறு மணிக்குள் நாற்காலியைக் கவிழ்த்துவிடுவார்கள். ராத்திரி மீன் எதற்கு என்று உன் அப்பா திட்டுவாரே, அதே கட்சி. இன்றைக்கு வந்ததை இன்றைக்கே தீர்த்துவிட்டால் நாளைக்கு ஐஸ் மீனை மசாலாவில் மறைக்க வேண்டியதில்லை.

முதலில் அகுவாசிலே வந்தது. வடக்கே சினலோவா மாநிலத்துச் சரக்கு. பச்சை இறாலை உரித்து, முதுகில் கீறி விரித்து, எலுமிச்சைச் சாறும் பச்சை மிளகாயும் மல்லித்தழையும் சேர்த்து அரைத்த நீரை அதன் மேல் ஊற்றி, மூன்று கால் வைத்த கருங்கல் உரலிலேயே கொண்டுவந்து வைத்தார்கள். மேலே வெள்ளரியும் சிவப்பு வெங்காயமும். அடுப்பே கிடையாது. கண்ணாடி மாதிரி சாம்பல் நிறத்தில் இருந்த இறால், பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரத்திலிருந்து வெளுத்து இளஞ்சிவப்பாக மாறியது. புளிப்பின் வேலை. அதிகம் ஊறவிட்டால் ரப்பராகிவிடும் என்பதால் வந்ததும் சாப்பிட வேண்டும். காரம் நம் நாக்குக்கே சுரீரென்றது. சுகந்தி அந்தப் பக்கமே திரும்பவில்லை, பூண்டில் வதக்கிய இறாலோடு நிறுத்திக்கொண்டாள்.

அப்புறம் சரந்தேயாதோ. பெரிய சங்கரா மீன் ஒன்றை முதலில் தட்டில் வைத்துக் காட்டி, எடை சொல்லி, சரி என்ற பிறகுதான் எடுத்துப் போனார்கள். முதுகுப் பக்கம் பிளந்து புத்தகம் போல விரித்து, மிளகாய் விழுது தடவி, கம்பி வலைக்குள் இறுக்கிக் கரி நெருப்பின் மேல் வாட்டுவது. நயாரிட் கரையில் மெக்ஸ்கால்தித்தான் என்ற தீவில் இதற்கு அலையாத்தி மர விறகு வைப்பார்களாம். நேரம் ஆகும் என்று முன்னாலேயே சொல்லிவிட்டதால் யாருக்கும் கோபம் இல்லை. முள்ளோரச் சதையைச் சோளத் தோசைக்குள் வைத்து வெங்காயத்தோடு சுருட்டிச் சாப்பிட வேண்டும். அடுத்த மேசையில் அதே சோளத் தோசையில் இறாலோடு சீஸை உருக்கி வைத்து மடித்த டாக்கோ வாங்கினார்கள். பிள்ளைகளுக்குப் பிடிக்கும். எனக்கு இறாலின் ருசி எங்கே போனது என்று இருந்தது.

குடிக்கப் புளித்தண்ணீர் கேட்டேன். ஆமாம், நம் புளிதான், சர்க்கரை போட்டு. 1565 முதல் 1815 வரை மணிலாவுக்கும் இங்கே பசிபிக் கரையில் இருக்கும் அகாபுல்கோ துறைமுகத்துக்கும் இடையே ஸ்பானியக் கப்பல்கள் ஓடின. அந்தப் போக்குவரத்தில் பிலிப்பைன்ஸ்காரர்கள் தென்னையில் பாளை சீவும் வித்தையையும் கொண்டுவந்தார்கள். இங்கே கொலிமா மாநிலத்துப் பக்கம் அந்தப் பதநீரில் வேர்க்கடலை தூவித் தெருவிலேயே விற்கிறார்கள். உனக்கு வயிறு எரியும் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

சத்தத்தை மட்டும் நீ காப்பியடிக்காதே. பித்தளை வாத்தியக் குழு ஒன்று மேசை மேசையாக வந்து பாட்டுக்கு இவ்வளவு என்று காசு வாங்கி ஊதியது. சாப்பிட்ட நேரத்தில் பாதி, ஒருவர் சொல்வது இன்னொருவருக்குக் கேட்கவில்லை.

இங்கேயும் நம்மூர் போல மீன்பிடித் தடைக்காலம் உண்டு. பசிபிக் பக்கம் இறாலுக்கு மார்ச் வாக்கில் தொடங்கினால் செப்டம்பர் வரை இழுக்கும். அந்த மாதங்களில் பண்ணை இறாலை வைத்துச் சமாளிப்பார்கள். உனக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு போகாது. அந்த 61 நாளும் நாட்டுப்படகு கொண்டுவருவதுதான் கடைக்கு. எண்பது அயிட்டத்துக்கு மீன் எங்கிருந்து வரும் சொல்? பன்னிரண்டு போதும். கணவாய் இல்லாத நாளில் கணவாய் இல்லை என்று பலகையில் எழுதிவிடு. ஒருநாள் முகம் சுளிப்பார்கள், மறுநாள் வருவார்கள்.

உன் அத்தை வைக்கும் மீன் குழம்பை இங்கே ஒருத்தரும் தொட முடியாது, அதையும் சொல்லிவிடுகிறேன். சமையலுக்கு வெளியாள் தேடுவதற்கு முன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேள்.

பனிமய மாதா திருவிழாவுக்கு ஊரில் இருப்பேன். இடத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்து பேசுவோம். அதுவரை ஏசிக்காரனுக்கு அட்வான்ஸ் கொடுக்காதே.

அன்புடன்,
கணேசன்