தம்பிக்கு: கலர் அப்புறம், முதல்ல டேப்ப எடு

டேய் தம்பி,

நேத்து ராத்திரி நீ அனுப்புன மூணு தொட்டில் லிங்க்கையும் திறந்து பாத்தேன். மூணுமே பாக்க அம்சமாத்தான் இருக்கு. ஆனா அவ்வளவு தேடிட்டு கடைசில நீ கேட்ட கேள்வி, "அக்கா, கிரேவா பீஜா?" சிரிச்சுட்டேன்டா. ஆறு வருஷத்துக்கு முன்னாடி பெரியவ வயித்துல இருந்தப்போ நானும் இதே கேள்விய கேட்டுத்தான் ஒரு பெட்சைடு கிரிப் (நம்ம கட்டிலோட ஒட்டி நிக்கிற குழந்தைத் தொட்டில்) வாங்கினேன், அந்த ஞாபகம் வந்துடுச்சு. பதில வாட்ஸப்ல டைப் பண்ண ஆரம்பிச்சேன், அது பாட்டுக்கு நீண்டுக்கிட்டே போகுது, சரி இங்கயே எழுதிடுறேன், உன் பொண்டாட்டியையும் பக்கத்துல உக்கார வெச்சுக்கிட்டு படி.

முதல்ல என் கதை. நான் வாங்குனது நல்ல க்ரீம் கலர், நாலு பக்கமும் தடிதடியா குஷன், மேல தொங்குற நட்சத்திரம், ஓரமெல்லாம் லேஸ். உங்க மாமா மாட்டிக் குடுத்தாரு, பெட்டோட சேத்து ஸ்ட்ராப் போட்டு இறுக்கி, ரெண்டு ஆட்டு ஆட்டிப் பாத்து, "கல்லு மாதிரி நிக்குது"ன்னு சொல்லிட்டுப் போனாரு. அன்னிக்கு நின்னுச்சுதான். மூணாவது வாரம்னு நினைக்கிறேன், ராத்திரி பால் குடுத்து அவள படுக்க வெச்சுட்டு கைல இருந்த போன தலகாணி பக்கத்துல வெச்சேன், வெச்ச போன் தொப்புன்னு தரைல விழுற சத்தம் கேக்குது. எனக்கும் குழந்தைக்கும் நடுவுல வெச்ச போன் எப்படிடா தரைக்குப் போகும்? கைய விட்டுத் துழாவுறேன், முழங்கை வரைக்கும் உள்ள போகுது. லைட்ட போட்டுப் பாத்தா ஸ்ட்ராப் லூசாகிக் கிடக்கு, நான் தினமும் ராத்திரி எழுந்து உக்காந்து நகர்ந்து நகர்ந்து எங்க மெத்தை கொஞ்சம் கொஞ்சமா அந்தப் பக்கம் போயிருக்கு, தொட்டில் இருந்த இடத்துலயே நிக்குது. அந்தப் பக்கத்து சைட வேற முழுசா இறக்கி விட்டு வெச்சிருந்தேன். குழந்தைக்கு ஒண்ணும் ஆகல. ஆனா மீதி ராத்திரி பூரா அவள மடில வெச்சுக்கிட்டு சோஃபால உக்காந்தே கழிச்சேன் (அதுவும் தப்பு, அதுக்கு அப்புறம் வரேன்).

அந்த சத்தத்துக்கு அப்புறம் தொட்டில நான் பாக்குற கண்ணே மாறிப் போச்சு. கடைல நின்னு பாக்குறப்போ நல்ல வெளிச்சம் இருக்கு, நீ நல்லா தூங்கி எழுந்திருக்க, ரெண்டு கையும் சும்மா இருக்கு. அத யூஸ் பண்ணப் போறதோ ராத்திரி 3 மணிக்கு, பாதித் தூக்கத்துல, ஒரு கைல குழந்தையோட, ஒருவேளை வயித்துல தையலோட இருக்குற ஒருத்தி. அந்த நேரத்துல அவ மறக்காம ஒரு வேலை செஞ்சாத்தான் இது பத்திரம்னு ஒரு தொட்டில் இருந்தா அது வேண்டாம். அவ்வளவுதான் என் கணக்கு. உன் மூணு லிங்க்கையும் அத வெச்சே பாத்தேன்.

முதல் லிங்க்குல நம்ம பக்கத்து சைடு ஜிப்ப திறந்தா மெத்தை மட்டத்துக்கு முழுசா இறங்கிடுது, நம்ம மெத்தையும் அதோட மெத்தையும் ஒரே சமமா வருது. பாக்க வசதியா தெரியும், உருட்டி எடுத்துக்கலாம்னு தோணும். ஆனா குழந்தை நம்ம பக்கம் உருண்டு வரவும் தடுப்பு கிடையாது, நம்ம போர்வையும் தலகாணியும் அந்தப் பக்கம் போகவும் தடுப்பு கிடையாது. ஒவ்வொரு தடவையும் பால் குடுத்து முடிச்சு ஞாபகமா சைட தூக்கி ஜிப் போடணும். எவ போடுவா? நான் போடல. ஐரோப்பால இந்த மாதிரி தொட்டிலுக்குன்னே ஈ.என். 1130ன்னு ஒரு ஸ்டாண்டர்ட் இருக்கு, அத 2019ல புதுசா எழுதுனப்போ சைட இறக்குனாலும் குறைஞ்சது 120 மில்லிமீட்டர் உயரத்துக்கு ஒரு தடுப்பு நின்னே ஆகணும்னு வெச்சுட்டாங்க. 12 சென்டிமீட்டர், நம்ம ஒரு சாண்ல பாதிய விட கொஞ்சம் கூட. கைய நீட்டி தட்டிக் குடுக்க அது ஒரு இடைஞ்சலே இல்ல, ஆனா நீ தூங்கிட்டாலும் அது அங்கயே நிக்கும். அதனால எந்த மாடல்னாலும் டீடெயில்ஸ்ல அந்த நம்பரும் 2019ங்கற வருஷமும் இருக்கான்னு பாரு, யாராவது பழசு குடுக்குறேன்னு சொன்னாலும் இதத்தான் முதல்ல கேளு, ஏன்னா அதுக்கு முந்தின மாடல்ல முழுசா இறங்குறது நிறைய உண்டு.

ரெண்டாவது லிங்க்க பாத்து எனக்கு கொஞ்சம் கோவமே வந்துச்சு. கால் பக்கம் ஒரு உயரம், தலைப் பக்கம் ஒரு உயரம் வெச்சு சாய்க்கலாமாம், பால் கக்காதாம். டேய், சின்னக் குழந்தைக்கு உடம்புலயே கனமான பாகம் தலைதான், அத நிமித்திப் பிடிக்க கழுத்துல பலம் கிடையாது. சாய்வா படுக்க வெச்சா தலை முன்னாடி சாஞ்சு தாடை நெஞ்சுல முட்டும், மூச்சுக் குழாய் அவ்வளவு மெலிசு, ஸ்ட்ராவ மடிச்ச மாதிரி ஆயிடும். சத்தம் போட்டு அழவும் அதுக்கு மூச்சு வேணுமே, அதனால பக்கத்துல படுத்திருக்குற நமக்கு ஒண்ணுமே கேக்காது. அமெரிக்கால ஃபிஷர் பிரைஸோட ராக் அண்ட் ப்ளேன்னு ஒரு சாய்வுத் தொட்டில் 2009ல இருந்து வித்துச்சு, தூங்காத குழந்தையும் அதுல தூங்குதுன்னு அப்படி ஒரு பேரு, 2019 ஏப்ரல்ல கிட்டத்தட்ட 47 லட்சத்தையும் திரும்ப வாங்கிக்க வேண்டியதாப் போச்சு, அதுல தூங்குன குழந்தைங்க முப்பதுக்கு மேல இறந்துருந்துச்சு. பத்து வருஷம் கடைல இருந்த சாமான்டா. கடைல விக்குதுன்னா யாரோ செக் பண்ணிருப்பாங்கன்னு நாம நினைச்சுக்கறோம்ல, அந்த நினைப்ப விட்டுடு. 2022ல அங்க சட்டமே போட்டு 10 டிகிரிக்கு மேல சாய்வா இருக்குற தூங்குற சாமான் எதையும் விக்கக் கூடாதுன்னுட்டாங்க, அதே சட்டத்துல நான் ஆசை ஆசையா வாங்குன அந்த சுத்து குஷன், பம்பர், அதுக்கும் தடை. சாய்ச்சா பால் கக்குறது நிக்கும்ங்கறதும் சும்மாதான், டாக்டருங்களே அதுக்காக சாய்க்க சொல்றதில்ல.

படுக்க வெக்கிறது எப்பவும் மல்லாக்க. இதுல அம்மா கண்டிப்பா சண்டைக்கு வருவாங்க, குப்புறப் போட்டாத்தான் நல்லா தூங்கும், மல்லாக்கப் போட்டா கக்குனது தொண்டைல போய் அடைச்சுக்கும்பாங்க. நானும் பயந்தேன். அப்புறம் எங்க டாக்டர் ஒரு பேப்பர்ல படம் வரைஞ்சு காட்டினாரு: மல்லாக்க படுத்திருக்கும்போது மூச்சுக் குழாய் மேல இருக்கு, சாப்பாட்டுக் குழாய் அதுக்கு அடில இருக்கு, கக்குனது மேல ஏறி மூச்சுக் குழாய்க்குள்ள போகணும்னா அது மலை ஏறணும். குப்புறப் போட்டா அப்படியே தலைகீழ். அந்தப் படத்த நான் பத்திரமா வெச்சிருக்கேன், அனுப்புறேன், அம்மாகிட்ட காட்டு. அவங்க சொல்றதும் பொய்யில்ல, குப்புறப் போட்டா குழந்தை அசந்துதான் தூங்கும், ஆனா மூச்சு முட்டுறப்போ முழிச்சுக்க வேண்டிய குழந்தை அப்படி அசந்து தூங்குறதுதான் ஆபத்து. அமெரிக்கன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ்னு அங்க இருக்குற குழந்தை டாக்டருங்க சங்கம் 1992ல குப்புறப் போடாதீங்கன்னு சொல்லி, 1994ல அது ஊர் பூரா பிரசாரமா போனதுக்கு அப்புறம் அங்க தூக்கத்துல காரணம் தெரியாம போற குழந்தைங்களோட எண்ணிக்கை பாதியா குறைஞ்சுது. அம்மா நம்மள வளர்த்த காலத்துல அவங்களுக்கு யாரும் இத சொல்லல, அவ்வளவுதான், அதுக்காக அவங்ககிட்ட குரல ஒசத்தாத.

மூணாவது லிங்க் பரவால்ல. தொட்டில் நல்ல தொட்டில். கூட "கிஃப்ட் செட்"னு ஒரு தலகாணி, ஒரு பஞ்சு போர்வை, ஒரு கரடி பொம்மை வருது பாரு, அது மூணையும் டெலிவரி வந்த அன்னிக்கே எடுத்து அலமாரில வெச்சுடு. தொட்டிலுக்குள்ள இருக்க வேண்டியது மெத்தை, இறுக்கமா ஒரு விரிப்பு, குழந்தை. வேற ஒண்ணுமே வேண்டாம். பாக்க பாவமாத்தான் இருக்கும், ஏதோ ஆஸ்பத்திரி ட்ரே மாதிரி, சொந்தக்காரங்க வந்து "ஏன்டி குழந்தைய வெறுமனே போட்டிருக்க"ன்னு கேப்பாங்க. மூக்கு மேல மெத்துன்னு ஏதாவது வந்துச்சுன்னா தள்ளி விடத் தெரியாத வயசு, விட்ட மூச்சையே திரும்பத் திரும்ப இழுத்துக்கிட்டு கிடக்கும். குளிருமேன்னு கவலைப்பட்டா போர்வைக்குப் பதிலா கை இல்லாத பை மாதிரி ஸ்லீப் சேக் இருக்கு, அத மாட்டி விடு, உள்ள மணி போட்டு வெயிட் வெச்சது மட்டும் வேண்டாம்.

மெத்தைய கடைல அமுக்கிப் பாக்குறப்போ உன் முதுகுக்கு எது சுகமா இருக்கும்னு பாக்காத. உள்ளங்கைய வெச்சு நல்லா அழுத்து, எடுத்த உடனே கை அச்சு இல்லாம நிமிரணும். நமக்கு பலகை மாதிரி தெரிஞ்சா அதுதான் சரியான மெத்தை. ஓரத்துல மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவுல ரெண்டு விரல் நுழைஞ்சாலே சைஸ் சரியில்லன்னு அர்த்தம், அதனால தொட்டிலோட வந்த மெத்தையவே போடு, "இன்னும் கொஞ்சம் சாஃப்ட்டா"ன்னு மேல எக்ஸ்ட்ரா ஒண்ணு வாங்கிப் போடாத. சுத்தி மெஷ், அதாவது வலைத்துணி, இருக்குறதா பாரு, காத்துக்குன்னு சொல்லுவாங்க, எனக்கு அத விட பெரிய லாபம் என்னன்னா தலைய தூக்காமலே கண்ண மட்டும் திறந்து பாத்தா குழந்தை தெரியும். மரக் கம்பி வெச்சதுன்னா கம்பிக்கும் கம்பிக்கும் நடுவுல 6 சென்டிமீட்டருக்கு மேல இருக்கக் கூடாது, இருந்தா உடம்பு நழுவி வெளிய வந்துடும், தலை மாட்டிக்கும்.

இப்போ அந்த போன் விழுந்த இடைவெளி. இதுதான் யாரும் சொல்ல மாட்டேங்குறாங்க, ஏன்னா இது தொட்டில்ல இருக்குற பிரச்சனை இல்ல, உன் கட்டில்ல இருக்குற பிரச்சனை. சில கட்டில்ல மெத்தைய விட மரச் சட்டம் நாலஞ்சு சென்டிமீட்டர் வெளிய நீட்டிக்கிட்டு இருக்கும், தொட்டில் வந்து அந்த சட்டத்துல இடிச்சு நின்னுடும், மெத்தை உள்ள தள்ளி இருக்கும், நடுவுல ஒரு பள்ளம். அதுல துண்ட சுருட்டி அடைச்சேன், தலகாணி சொருகினேன்னு சொல்றவங்க நிறைய பேரு, அது ரெண்டு நாள்ல அமுங்கி மறுபடி பள்ளம்தான், அதுவும் இப்போ மெத்துன்னு மூஞ்சி அமுங்குற பள்ளம். சட்டம் நீட்டிக்கிட்டு இருக்குற கட்டில்னா ஒட்டி வெக்காத, அவ்வளவுதான், சைட முழுசா மேல தூக்கி கட்டில விட்டு நல்லா தள்ளி தனியா நிறுத்து. கைக்கு எட்டுற தூரத்துல அதே ரூம்ல இருந்தாலே போதும், முதல் ஆறு மாசமாவது அம்மா அப்பா ரூம்லயே, ஆனா தனிப் படுக்கைலன்னுதான் டாக்டருங்களும் சொல்றாங்க, ஒட்டித்தான் இருக்கணும்னு யாரும் சொல்லல.

உயரமும் அப்படித்தான். கட்டில சும்மா அளக்காத, அவள மெத்தை ஓரத்துல படுக்கச் சொல்லிட்டு அள, ஆள் படுத்தா மெத்தை எவ்வளவு அமுங்குதுன்னு உனக்கே ஆச்சரியமா இருக்கும். தொட்டிலோட புக்ல தடுப்பு எந்த மட்டத்துல வரணும்னு படம் போட்டிருப்பான், உன் கட்டில் அந்த உயரத்துக்குள்ள வரலன்னா அடுத்த மாடல பாரு. ஸ்ட்ராப் நம்ம மெத்தைய சுத்தி, இல்ல கட்டில் சட்டத்துல, போய் இறுகுற டைப்பா இருக்கணும், வெறும் கொக்கி போதாது. இறுக்குறது அவ வேலை இல்ல, உன் வேலை. தினமும் ராத்திரி பல்லு வெளக்குற மாதிரி, வெளக்கிட்டு வந்து கைய நடுவுல விட்டுப் பாரு, விரல் போச்சுன்னா இறுக்கு. சக்கரம் இருந்தா லாக் போட்டிருக்கான்னும் அப்பவே பாத்துடு.

மத்ததெல்லாம் சீக்கிரம் சொல்லிடுறேன். இந்தத் தொட்டில் அஞ்சாறு மாசத்துக்குத்தான், நிறைய மாடல்ல 9 கிலோ வரைக்கும்னு எழுதிருப்பான், ஆனா எடைக்கு முன்னாடியே குழந்தை கைய ஊனி முட்டி போட்டு எழும்ப ஆரம்பிச்சா அன்னிக்கே பெரிய தொட்டிலுக்கு மாத்திடணும். ரொம்ப நாளைக்கு வரணும்னு பெருசா வாங்காத. பழசு வாங்குனா ஸ்க்ரூ எண்ணிப் பாரு, ஒண்ணு குறைஞ்சாலும் கயிறு கட்டி சமாளிக்காத, ஆபத்துன்னு கம்பெனி திரும்ப வாங்கிக்கிட்ட சாமானோட ரீகால் லிஸ்ட்டுல மாடல் பேர போட்டுத் தேடு. சைடு மேலயும் கீழயும் சறுக்குற பழைய பெரிய தொட்டில் யாராவது குடுத்தா வேண்டாம்னு சொல்லிடு, அமெரிக்கால 2011 ஜூன்ல இருந்து அத விக்கவே கூடாது. சாக்ஸ்ல மாட்டுற ஆக்சிஜன் மானிட்டர் பத்தி கேட்டிருந்தல்ல, அது நம்ம மனசுக்குத்தான், அது இருக்குன்னு மத்ததுல அசால்ட்டா இருக்கக் கூடாது.

அந்த சோஃபா விஷயம். இடைவெளிய பாத்து பயந்து நான் செஞ்சது அத விடப் பெரிய ஆபத்து. சோஃபால குழந்தைய வெச்சுக்கிட்டு கண் அசந்தா அது நம்ம உடம்புக்கும் குஷனுக்கும் நடுவுல வழுக்கிப் போயிடும், குழந்தையோட தூங்கிப் போக இருக்குறதுலயே மோசமான இடம் அதுதானாம். தூக்கம் வருதுன்னு தெரிஞ்சா சோஃபாவுக்குப் போகாத, கட்டில்ல இருக்குற போர்வை தலகாணிய தள்ளிட்டு அங்க உக்காந்து பால் குடுக்கச் சொல்லு, அசந்துட்டாலும் முழிச்ச உடனே தொட்டில்ல போட்டுடலாம். நீயும் எழுந்துக்கோ. அவ பால் குடுத்து முடிச்சதும் வாங்கி ஏப்பம் விட வெச்சு படுக்க வெக்கிறது நீன்னு வெச்சுக்கிட்டா அவளுக்கு ஒரு மணி நேரம் தூக்கம் கூடும்.

இப்போ எழுந்து போய் டேப்ப எடு. தரைல இருந்து மெத்தை மேல் வரைக்கும் உயரம், அவ படுத்திருக்கும்போது ஒரு தடவை, படுக்காம ஒரு தடவை. சட்டம் மெத்தைய விட எவ்வளவு வெளிய நீட்டிருக்கு. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவுல எவ்வளவு இடம். அளந்து அனுப்பு, மூணாவது லிங்க் உன் கட்டிலுக்கு ஒத்து வருதான்னு உக்காந்து பாப்போம்.

கிரேன்னு நினைக்கிறேன். பீஜ்ல பால் கறை பளிச்சுன்னு தெரியுது.

அக்கா